மூங்கில் குச்சிக் காலம்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னால் எல்லோரும் ஆசிரியர்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். எனக்கு நினைவில் நிற்பது மைதானத்துப் பின்சுவர் ஓரம்தான். 2004 வாக்கில் சென்னையில் சில பள்ளிகளுக்கு வாள்வீச்சு வந்தது, நமக்கும் வந்தது. வாள் என்று கையில் கொடுத்தது மூங்கில் குச்சி. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும், வியர்த்தால் வழுக்கும். அதைத் தொடவே பல வாரம் ஆனது. அதுவரை முட்டியை மடித்தபடி முன்னே ஓர் எட்டு, பின்னே ஓர் எட்டு. தொடை எரியும். நிஜ வாள் போட்டிக்கு மட்டும். விலையைக் கேட்டதும் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது.

அதே ஊரில், அதே 2004-ல், வேறொரு பள்ளியில் வாள்வீச்சில் சேர்ந்தவர் பவானி தேவி. மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட, மிஞ்சியது இதுதான். அப்பா கோயில் அர்ச்சகர். செலவு அதிகம், அப்பாவின் வருமானம் எவ்வளவு என்று கேட்டபோது கூட்டிச் சொன்னதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யைச் சொல்லும் துணிச்சல் எங்களில் ஒருத்திக்கும் வரவில்லை!

அவரும் மூங்கிலில் தொடங்கியவர்தான். பதினான்கு வயதில் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. மூன்று நிமிடம் தாமதம் என்று கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். அப்புறம் கேரளத்தின் தலச்சேரி, பிறகு இத்தாலியின் லிவோர்னோ என்று பயிற்சி. 2017-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் சேபர் என்ற வாள் வகையில் தங்கம்.

2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கை இங்கே விடியாத நேரத்தில் பார்த்தேன். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீரர் அவர். துனிசியாவின் நாடியா பென் அஸிஸியை 15-3 என்று ஆறு நிமிடச் சொச்சத்தில் முடித்தார். அடுத்து பிரான்சின் மானோன் புரூனே, உலகத் தரவரிசையில் மூன்றாமவர். இடைவேளையில் 2-8. பிறகு ஐந்து புள்ளி எடுத்தும் 7-15-ல் தோல்வி. அன்றே ட்விட்டரில் நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று எனக்கு இன்றும் கோபம்தான்.

2023-ல் சீனாவின் வூஷியில் ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப். நடப்பு உலக சாம்பியன் ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று சாய்த்தார். அரையிறுதியில் 14-15, ஒரே புள்ளியில் போனது. வெண்கலம். நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டதும், பின்சுவர்க் கோஷ்டியில் ஒருத்தி கேட்டாள்: "ஏய், அந்தக் குச்சியெல்லாம் இன்னும் ஸ்டோர் ரூமில்தான் கிடக்குமோ?"