ஏர் ஃபில்டர் மட்டும்

"ஏர் ஃபில்டர் மட்டும்தான் அண்ணா" என்றான் அந்தப் பையன். பத்து மாதம் ஆகிறது. இன்னும் அந்த "மட்டும்" காதில் கிடந்து உறுத்துகிறது.

நான் கேட்ட கேள்வியில் குறை இல்லை. வண்டியில் வெளியே ஏதாவது வேலை செய்திருக்கிறீர்களா, பவர் கூட்டுகிற பாக்ஸ், ரீமேப் என்று ஏதாவது உண்டா என்று பெயர் சொல்லியே கேட்டேன். கேட்ட இடம்தான் சரியில்லை. வண்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி அவனுடைய அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர். பையனுக்கு இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். அப்பாவின் பணத்தில் வாங்கிய வண்டி, அப்பாவின் முன்னால் கேள்வி. அதற்கு வேறு என்ன பதில் வரும்? பானெட்டைத் திறந்தால் சிவப்பு ஃபில்டர் எப்படியும் கண்ணில் படும். படுவதை ஒப்புக்கொண்டான், படாததை விட்டுவிட்டான். ஒன்றை ஒப்புக்கொண்டவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் அப்படி எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

வண்டி மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல். 38,000 கிலோமீட்டர் ஓடியது. ஐடிலில் தையல் மெஷின் மாதிரி சீராக நிற்கும். மூன்றாவது கியரில் 3,000 ஆர்பிஎம் தாண்டி நன்றாக மிதித்தால் சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் மிஸ்ஸிங் அடிக்கும், வண்டி உதறும், இன்ஜின் விளக்கு மினுக்கும். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் பிறகு பார்க்கலாம் என்று விடலாம். மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள், உடனே காலை எடுக்க வேண்டும். பையன் எடுத்ததாகச் சொன்னான். அதையும் நம்பினேன்.

ஸ்கேனரில் பி0300 வந்தது. எந்த சிலிண்டர் என்று குறிப்பிடாத, பொதுவான மிஸ்ஃபயர். கூடவே ஒருமுறை இரண்டாவது சிலிண்டரைக் காட்டியது. அந்த சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போட்டு ஓட்டினேன். காயில் கெட்டிருந்தால் கோளாறும் அதோடு முதல் சிலிண்டருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த ஓட்டத்தில் மூன்றாவது சிலிண்டரைக் காட்டியது. எந்த சிலிண்டரிலும் நிற்காமல் கோளாறு அலைகிறது என்றால் அது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. பட்டறைக்கு வருகிற பையன்களுக்கு முதல் வாரத்திலேயே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று நான் போட்ட கணக்கு வேறு: மூன்று காயிலும் ஒன்றாகத் தளர்ந்துவிட்டன. 38,000 கிலோமீட்டரில் மூன்றும் ஒரே நாளில் தளருமா என்று உள்ளே ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. வாசலில் நான்கு வண்டி நின்றது. மூன்று காயில், மூன்று பிளக், கூலி எல்லாம் சேர்த்துப் பதிநான்காயிரத்துச் சொச்சம் பில் போட்டேன்.

இன்னொன்றும் ஸ்கேனரில் இருந்தது. சுமை ஏறும்போது ஃபியூயல் டிரிம் பிளஸ் 14. கலவையில் பெட்ரோல் போதவில்லை, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறது என்று அர்த்தம். ஃபில்டர் கிளிப் லூசாக இருந்தது. அதன் தலையில் பழியைப் போட்டு, கிளிப்பை முறுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

வண்டி நன்றாக ஓடியது. என் பக்கத்து நியாயமாக இதை நான் சொல்லியாக வேண்டும். புதுக் காயில் போட்டதும் மிஸ்ஸிங் நின்றது. பெரியவர் மறுநாள் போனில் கூப்பிட்டு, "நல்லா இழுக்குதுங்க" என்றார். ஒன்பதாவது நாள் பையன் மட்டும் வண்டியோடு வந்தான். பழைய உதறல், பழையதைவிடப் பலமாக.

அன்றைக்காவது அவனைத் தனியாகக் கேட்டிருக்கலாம். தனியாகத்தான் நின்றான். ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால், ஒருமுறை கேட்டாகிவிட்டது என்ற நினைப்புதான். வண்டியை விட்டுவிட்டுப் போ என்றேன்.

இரவு பட்டறை காலியான பிறகு, அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஊசி கேஜை எடுத்தேன். இன்டேக் குழாயில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு, டர்போ இன்ஜினுக்குள் திணிக்கிற காற்றின் அழுத்தத்தை நேராகக் காட்டும் பழைய சாமான். நீலாம்பூர் பைபாஸில் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் என் பையன் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்கேனர் 180 கிலோபாஸ்கல் என்றது. நம் ஊர் கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே காற்றழுத்தமே 96ஐச் சுற்றித்தான் நிற்கும். கழித்தால் 84, அதாவது டர்போ கூட்டியது 0.84 பார். ஊசி 1.2ஐத் தாண்டி நின்றது. ஒரே குழாய், ஒரே காற்று, இரண்டு கணக்கு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரி தட்டைக் கழற்றிப் பார்த்தபோது அதற்குப் பின்னால் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. ஒரு வயரைக்கூட வெட்டவில்லை. கம்பெனி கப்ளரைப் போலவே கப்ளர், கம்பெனி டேப்பைப் போலவே துணி டேப். அழகான வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பெட்டி செய்வது ஒரே ஒரு பொய். அழுத்தம் பார்க்கும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வருகிற வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து அனுப்பும். அழுத்தம் போதவில்லை என்று நம்பி ஈசியூ டர்போவை இன்னும் முடுக்கும். வந்திருக்கும் காற்று எவ்வளவு என்பதும் அதற்குத் தெரியாததால் பெட்ரோலையும் குறைவாகக் கணக்குப் போடும். நான் கிளிப்பின் தலையில் போட்ட பிளஸ் 14 இங்கிருந்து வந்தது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியை நெருப்பு தாண்டுவதற்கு வோல்ட் அதிகம் வேண்டும். காயில் ஓரளவுக்குத்தான் கொடுக்கும். ஆடி மாதத்தில் பல்லடம் பக்கம் வெட்டவெளியில் நின்று தீக்குச்சி கிழித்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஸ்கேனரைக் குறை சொல்லவும் முடியாது. ஈசியூ சொன்னதை அது சொன்னது, ஈசியூ பெட்டி சொன்னதைச் சொன்னது.

அன்று இரவு இன்னொரு வேலையும் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு, பழைய மூன்று காயிலையும் பழைய மூன்று பிளக்கையும் திரும்பப் போட்டு அதே பைபாஸில் தரையோடு மிதித்தேன். ஒரு மிஸ்ஸிங் இல்லை. டிரிம் பிளஸ் 3க்குள் வந்துவிட்டது. கேஜும் ஸ்கேனரும் ஒரே கணக்கைச் சொல்லின.

திரும்பி வந்து, பழைய காயிலைக் கழற்றி மறுபடியும் புதியதைப் போட்டேன். பில் போட்டாகிவிட்டதல்லவா. பழைய மூன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

போனில் பையனிடம் கேட்டேன். முதலில் பேச்சே இல்லை. பிறகு, "அப்பாவிடம் சொல்லிவிடாதீங்க அண்ணா" என்றான். கல்லூரி ப்ராஜெக்ட் என்று சொல்லி வாங்கிய பணத்தில் வாங்கியதாம். போனிலேயே அளவைக் கூட்டிக் குறைக்கலாமாம். முதல் முறை வந்தபோது மூன்றில் வைத்திருந்தானாம். "நீங்கள் காயில் போட்டதும் நல்லா ஓடியது, அதனால் ஐந்துக்கு ஏற்றினேன்" என்றான். என் வேலையைப் பாராட்டுகிற குரலில் சொன்னான்.

எனக்கு அவன் மேல் கோபம் வந்ததா என்று கேட்டால், பெரிதாக வரவில்லை. இந்த ஊரில் வளர்கிற பையன்களுக்கு அந்தப் பித்து வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் பந்தய வண்டி கட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ஓடுதளம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் இங்கிருந்து போனவர். நானே பதினெட்டு வயதில் இரண்டு ஸ்ட்ரோக் பைக்கின் போர்ட்டை அரம் வைத்து ராவி, ஒரு பிஸ்டனைச் சாப்பிட்டவன். அப்போது என் அப்பாவிடம் ஆயில் கலப்படம் என்று சொன்னேன்.

ஆகவே பையனைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது இரக்கத்தால் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை.

மறுநாள் பெரியவர் வந்தார். கேட்டார்: "ஏனுங்க தம்பி, என்னதான் கோளாறு?"

"வயரிங்கில் ஒரு கப்ளர் சரியில்லைங்க. சரி பண்ணியாச்சு. கூலி ஒன்றும் வேண்டாங்க."

அதோடு முடிந்திருக்கலாம். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார். "அப்போ அந்தக் காயில்?"

இந்தக் கேள்விக்குத்தான் எத்தனை பதில் இருந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். தவறு என்னுடையது, காயில் மாற்றியிருக்க வேண்டியதில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பெட்டியைப் பற்றி வாயைத் திறக்காமலேயே இதைச் சொல்லியிருக்க முடியும். பையனும் மாட்டியிருக்க மாட்டான். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியை மறைப்பதும் காயிலை மறைப்பதும் ஒரே காரியம் என்பது போல மனம் இரண்டையும் ஒன்றாக முடிந்து வைத்துவிட்டது. யாருக்காக முடிந்தது என்றுதான் தெரியவில்லை.

"காயிலும் வீக்காகத்தான் இருந்ததுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "தறியில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் நாங்கள் முதலில் நூலைத்தான் பார்ப்போம். அப்புறந்தான் தறியில் கை வைப்போம்" என்றார். குத்திச் சொன்னாரா, சும்மா தன் தொழிலைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியும் பையன்களுக்கு டீச் செலவுக்கு என்று இருநூறு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அந்த இருநூறு என்னைப் படுத்தியது போல அந்தப் பதிநான்காயிரம் படுத்தவில்லை.

சில நாள் நான் வேறு மாதிரியும் வாதாடிப் பார்ப்பதுண்டு. பெட்டி ஓடிய மாதங்களில் அந்தக் காயில்கள் அளவுக்கு மீறி உழைத்திருக்கும், எப்படியும் ஒரு வருடத்தில் போயிருக்கும். பிளக்கின் இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது தேய்ந்து 0.95க்கு வந்திருந்தது, அதை மாற்றியது நியாயம்தான். உண்மையைச் சொல்லாமல் வந்தவனின் வண்டிக்குத் தவறான வைத்தியம் நடந்தால் வைத்தியனை மட்டும் குறை சொல்வதா? இவையெல்லாம் சரியான வாதங்கள். ஆனால் டப்பாவில் இருக்கிற மூன்றில் ஒன்றை எடுத்துத்தான் இப்போது மற்ற வண்டிகளுக்கு டெஸ்ட் பார்க்கிறேன். பட்டறையில் இருப்பதிலேயே நம்பகமான காயில் அதுதான்.

ஒரு பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது வண்டி ஓட்டுகிறவரை மட்டும் பானெட் பக்கம் கூப்பிட்டு, மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்கிறேன். போன மாதம் அப்படி ஒருவரிடம் கேட்டேன். தனியாகத்தான் நின்றார், மறைப்பதற்கு அப்பாவும் இல்லை. ஒன்றுமே போடவில்லை என்று சத்தியம் செய்தார். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. ஆக, இடத்தை மாற்றிக் கேட்டிருந்தால் அந்தப் பையன் சொல்லியிருப்பான் என்று நான் நினைப்பதற்கும் ஆதாரம் ஒன்றும் இல்லை.

பெட்டியை ஒரு கேரி பேக்கில் போட்டு அவனிடமே கொடுத்திருந்தேன். அவன் பணத்தில், இல்லை, அவன் அப்பா பணத்தில் வாங்கியது. அதை என்னிடம் வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? விற்றுவிடு என்றேன். சரி என்றான்.

மூன்று வாரம் முன்பு இரவு பத்து மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, பிளக் கேப்பை 0.8இல் இருந்து குறைத்து வைத்தால் தாங்குமா?"

எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் நான் தெரிந்துகொண்டவன் ஆகிவிடுவேன்.

"0.65 வை. அதற்குக் கீழே போகாதே" என்றேன். பிறகு, அவன் கேட்காமலேயே இதையும் சொன்னேன்: "காயில் மூன்றும் புதுசுதானே. தாங்கும்."