மூச்சில்லாதவனின் பெருமூச்சு

ஒலித்தொடர் எழுதுவது என் வேலை. ஒரு எபிசோடு 12 நிமிடம், வாரத்துக்கு மூன்று. குடும்பக் கதைகளில் கை பழகிவிட்டது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் நின்று ஒட்டுக்கேட்பார் என்பது உறக்கத்திலும் தெரியும். போன ஆடியில் ஆசிரியர் அழைத்து, "அடுத்தது ரத்தக்காட்டேரி வேட்டைக்காரர்கள். இன்றைய நகரத்தில் நடக்க வேண்டும், ஐரோப்பாவாக இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை.

ஒன்பதே நாளில் பத்து எபிசோடுகள் எழுதினேன். கறுப்புக் கோட்டு, வெள்ளித் தோட்டா, ஓயாத மழை. ஒத்திகையில் ஒரு குரல் கலைஞர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், இவன் செத்து இருநூறு வருடம் ஆகிறது. மூச்சே இல்லாதவன் எப்படிப் பெருமூச்சு விடுவான்?"

ஸ்டூடியோ முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஒலித்தொடரில் பாதி நடிப்பு பெருமூச்சில்தான் இருக்கிறது; அதைப் பிடுங்கிவிட்டால் நான் எதை வைத்துப் பிழைப்பது? பத்தும் குப்பைக்குப் போயின.

இந்த உயிரினத்துக்கான விதிகளைத் தேடிப் போனபோதுதான், 1725இல் செர்பியாவின் கிசிலோவா கிராமத்தில் நடந்ததைப் படித்தேன். அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியில் இருந்தது. பீட்டர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்தபின், எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் மாண்டார்கள். அவர் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாகச் சாகும் தறுவாயில் சொன்னார்களாம். குழியைத் தோண்டியாக வேண்டும் என்றது ஊர். தலைநகர் பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும் என்றார் ஃப்ரோம்பால்ட் என்ற அரசு அதிகாரி. அதற்குள் ஊரே அழிந்துவிடும், நாங்கள் கிளம்புகிறோம் என்றார்கள். வேறு வழியின்றிப் பாதிரியாரை அழைத்துக்கொண்டு அவரும் போனார். உடல் கெடாமல் இருந்தது, வாயில் ரத்தம். ஊரார் கூர்க்கழியை நெஞ்சில் இறக்கி, உடலை எரித்தார்கள். அதிகாரி அறிக்கை எழுதினார். அதன் முடிவில் ஒரு விண்ணப்பம்: இதில் தவறு நேர்ந்திருந்தால் பழியை என்மேல் போட வேண்டாம், அச்சத்தில் நிலைகுலைந்த கூட்டத்தின்மேல் போடுங்கள்.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். இதே வரியை வேறு சொற்களில் எத்தனை மின்னஞ்சல்களின் அடியில் நானே எழுதியிருக்கிறேன்!

பிறகு எல்லாம் வேறாகத் தெரிந்தது. 1732இல் செர்பியாவின் மெத்வெஜா கிராமத்துப் பிணங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தவர்கள் ராணுவ மருத்துவர்கள். 1755இல் ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசா, தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் சொல்லைக் கேட்டு, இப்படிக் குழி தோண்டுவதையே தடை செய்தார். கோப்புகளில் நான் கண்ட வேட்டைக்காரர்கள் இப்படிப்பட்டவர்கள்தாம்: அனுமதி கேட்பவர்கள், அறிக்கை எழுதுபவர்கள், பழிக்கு அஞ்சுபவர்கள். என் தொடர் இப்போது பெல்கிரேடில், டிராம் ஓடும் தெருவொன்றின் மாடி அலுவலகத்தில் நடக்கிறது. கழியை எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும். நாயகிக்கு எப்போதும் இரண்டுதான் கிடைக்கும்.

பெயரில் ஒரு வாரம் போயிற்று. காட்டேரி என்று எழுதக் கை வரவில்லை. நம் கிராமங்களில் அவள் படையல் வாங்கும் தெய்வம். தென் அமெரிக்காவின் கயானாவுக்குக் கப்பலேறியவர்கள் அவளையும் கூட்டிப்போய் இன்றுவரை கும்பிடுகிறார்கள். அவளைக் குத்திக் கொல்ல ஆளனுப்ப எனக்கு மனமில்லை. செர்பியர்கள் சொல்வதுபோல 'வாம்பீர்' என்றே வைத்தேன். விளம்பரப் பிரிவுக்கு இன்னும் வருத்தம்.

ஆசிரியர் புதிய வரைவைப் படித்துவிட்டு, முதல் கழி எப்போது இறங்கும் என்று கேட்டார். ஏழாவது எபிசோடு என்றேன். இரண்டாவது என்றார். நான்கில் முடிந்தது பேரம்.

மூச்சுக்கும் ஒரு விதி செய்தேன்: அவன் பேசுவதற்கு மட்டும் காற்றை இழுப்பான், மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை. பதிவு நாளில், கேள்வி கேட்ட அதே கலைஞர் வசனத்துக்கு முன் ஒரேயொரு முறை காற்றை இழுத்தார். பேசினார். பிறகு அப்படியே இருந்தார். ஒலிப்பதிவாளர் மைக் செத்துவிட்டதோ என்று கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.