உப்பளத் தொழிலாளி, பெண்

அந்த அக்காவின் பெயரை அறிக்கையில் போடாமல் விட்டது சரிதான் என்று இன்றைக்கும் யாரிடமும் வாதாடுவேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுசாக இல்லை.

2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 நாடுகளும் வறுமை ஒழிப்பு முதலான 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அதற்கு முந்தைய சில வருடங்கள் எங்களைப் போன்ற தொண்டு நிறுவனங்களுக்கெல்லாம் அந்த இலக்குகளை வகுப்பதற்காக ஏழைகள் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புவதுதான் வேலை. எனக்குத் தூத்துக்குடி உப்பளம். மற்றவர்கள் தயங்கித் தயங்கிப் பேச, இந்த அக்கா எழுந்து நின்றே பேசினார். உப்பில் வெயில் பட்டுத் தெறித்துக் கண் மங்குவது, காலில் வெடித்த புண் உப்புத்தண்ணீரில் ஆறாமலே கிடப்பது, ஐப்பசி கார்த்திகை மழையில் அளம் மூழ்கிவிட்டால் சாப்பாட்டுக்கு முன்பணம் வாங்குவது, அடுத்த சீசனில் அதைக் கழிப்பதற்கென்றே உப்பு வாருவது. கணக்கப்பிள்ளை அதை எப்படிக் கழிக்கிறார் என்பதுவரை சொன்னார். அத்தனையும் அறிக்கையில் வந்தது. அதன் கீழே, ‘உப்பளத் தொழிலாளி, பெண், தென் தமிழ்நாடு’.

அறிக்கையைக் கொண்டுபோய்த் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“எம்பேரு எங்க தம்பி?”

“ஒங்க பாதுகாப்புக்காகத்தான்க்கா போடல. மொதலாளி கண்ணுல பட்டா...”

“போடாதீங்கன்னு நான் சொன்னனா? திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கும்போது எம்பேரு, வீட்டுக்காரர் பேரு, கதவு நம்பர் எல்லாம் எழுதித்தான குடுக்கேன். பேரில்லாம குடுத்தா அது மொட்டக் கடுதாசி. அத எவன் மதிப்பான்?”

பிறகு கடைசிப் பக்கத்தில் இருந்த பெயர்ப் பட்டியலைக் காட்டி, இவர்கள் யார் என்றார். ஒருங்கிணைப்பாளர்கள், ஆலோசகர்கள், தொகுத்தவர்கள் என்றேன். என் பெயரும் அதில் இருந்தது.

“ஒங்களுக்கெல்லாம் பயமில்லயாக்கும்” என்றார்.

எனக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை. அவருக்கு இருந்தது. பத்திரிகைக்காரரிடம் பெயர் சொல்லிப் பேசிய ஒருவரை அடுத்த சீசனுக்குக் கூப்பிடவே இல்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அளத்து வேலைக்கு ஆர்டரா, கடிதமா? ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்று ஒரு வார்த்தை போதும். மேலும், அவர் பேசியதில் பாதி மற்ற பெண்களின் கடன். அவர் பெயர் வந்தால் அளம் எதுவென்று தெரிந்துவிடும், வாய் திறக்காத பெண்களும் சேர்ந்து மாட்டுவார்கள். இதை அவரிடமே சொன்னேன்.

“அத எங்ககிட்ட கேட்டிருக்கணும்லா? நாங்க உக்காந்து பேசியிருப்போம்லா?”

இந்த இடத்துக்குத்தான் மனசு திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. கேட்டிருந்தால் பலர் வேண்டாம் என்றிருப்பார்கள், அக்காவும் விட்டுக்கொடுத்திருப்பார், கடைசியில் அதே வரிதான் அச்சாகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அப்போது அது அவர்கள் எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

எங்களுக்கு முன்னால் இதைப் பெரிய அளவில் செய்தது உலக வங்கி. 1990களின் கடைசியில் 60 நாடுகளில் 60,000-க்கும் மேற்பட்ட ஏழைகளின் பேச்சைத் திரட்டினார்கள். வளர்ச்சித் துறையில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதிலும் பேசியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘ஓர் ஏழைப் பெண்’ என்றும் நாட்டின் பெயரும்தான் பெரும்பாலும் இருக்கும். நாங்கள் பின்பற்றியது அந்த வழக்கத்தை. வேறு வழியும் இருக்கிறது. வறுமையில் வாழ்பவர்களோடு சேர்ந்து இயங்கும் ஏ.டி.டி. நான்காம் உலகம் இயக்கமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் வங்கதேசம், பொலிவியா, தான்சானியா உட்பட ஆறு நாடுகளில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வறுமையில் வாழ்பவர்களே ஆய்வாளர்களாக உட்கார்ந்து வறுமையின் ஒன்பது பரிமாணங்களை வகுத்தார்கள். தங்கள் பங்களிப்பை யாரும் மதிக்காததும் அதில் ஒன்று. தன் பிழைப்பைத் தானே யோசித்து எடுத்துச் சொல்வதும் அப்படியொரு பங்களிப்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் அதற்கு வருடக்கணக்கில் நேரம் கொடுத்தார்கள். எங்களுக்கு வாய்த்தது ஒரு மத்தியானம், அனுப்பவேண்டிய கடைசித் தேதி தலைக்கு மேல்.

2022-இல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் அறிக்கை அதற்கு ஒரு துரும்பும் கிள்ளிப் போடவில்லை. பெயரும் கையெழுத்தும் போட்டுத் தொழிலாளர்கள் கொடுத்த மனுக்கள்தான் அதைக் கொண்டுவந்தன என்று நம்புகிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் அக்கா சொன்ன பக்கம்தான் நியாயம் என்று தோன்றும்.

இப்போது கூட்டம் தொடங்கும் முன்பே பெயர் போடலாமா என்று கேட்டுவிடுகிறேன். ஒரே அளத்தில் ஒருவர் தாராளமாகப் போடுங்கள் என்கிறார், அடுத்தவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்கிறார். உட்கார்ந்து பேசியும் ஒத்துவராத நாட்கள் உண்டு. அப்போது நான் பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.