மூடியைத் திறந்தால்

ஆகஸ்ட் 18, இரவு 1.40
மறுபடியும் புளூடூத் இல்லை. அப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போய் வந்து படுக்கவைக்கப் பத்து நிமிடம். அதற்குள் மடிக்கணினி உறங்கிவிட்டது. எழுப்பினால் பாதியில் நின்ற ஒலிப்பதிவு, அடித்துக்கொண்டிருந்த வரி, வைஃபை எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. புளூடூத் குறி மட்டும் காணோம். ஹெட்போனின் நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ஸ்பீக்கரில் போட முடியாது. இப்போதுதான் கண் மூடினார்.

ஆகஸ்ட் 19
ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை.

ஆகஸ்ட் 20, இரவு 2.15
முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். வந்துவிட்டது! ரீஸ்டார்ட்டில் புளூடூத் சில்லுக்கு மின்சாரம் நிற்பதே இல்லை போலும். ஆனால் அப்பா இரவில் மூன்று முறை எழுகிறார். மூன்று முறையும் இப்படியா?

ஆகஸ்ட் 21
நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினார்.

ஆகஸ்ட் 23, இரவு 3.00
வைஃபைக்கு ஒன்றும் ஆகவில்லையே, இதற்கு மட்டும் என்ன என்று மனம் குடைந்துகொண்டே இருந்தது. பகலில் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அட்டைதான்: 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம், மேலே பொத்தான் போல இரண்டு ஆன்டெனா முனைகள். ஆனால் வழி வேறு. வைஃபை பிசிஐஇ என்ற உள் இணைப்பு வழியாகப் போகிறது, புளூடூத் உள்ளுக்குள்ளேயே யூஎஸ்பி வழியாக. யூஎஸ்பி பட்டியலை எடுத்தால் கேமரா இருக்கிறது, கைரேகை உணரி இருக்கிறது, புளூடூத் இல்லை. லினக்ஸின் மையமான கர்னல் எழுதிவைக்கும் பதிவில் வரிக்கு வரி பிழை எண் மைனஸ் 110. 'நீ யார்' என்று கேட்டதற்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்று பொருள். இது தெரியாமல் ஹெட்போனை நீக்கி நீக்கி மறுபடி இணைத்துக்கொண்டிருந்தேன். புளூடூத் சேவையை எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினேன்! அட்டையே வாய் திறக்காதபோது அதெல்லாம் யாருக்கு?

அப்பாவின் ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 25
புளூடூத்தை இயக்கும் மென்பொருளான பிடியூஎஸ்பி டிரைவரின் ஆட்டோசஸ்பெண்டை, அதாவது தானாக உறங்கவைப்பதை, நிறுத்தும் ஒற்றை வரியை எழுதி வைத்தேன். இரண்டு இரவாகப் பிழை இல்லை. அப்பா கஞ்சி முழுதும் குடித்தார்.

ஆகஸ்ட் 27, இரவு 2.50
போய்விட்டது. அதே 110. அழுகை வந்தது, புளூடூத்துக்காக மட்டும் அல்ல. அந்த வரி தடுப்பது, சும்மா இருக்கும்போது சில்லு தானாகக் கண்ணயர்வதை மட்டுமே. மூடியைச் சாத்தினால் வரும் உறக்கம் வேறு.

ஆகஸ்ட் 28
முடிவு நாளைக்காம். நேற்றும் நாளை என்றுதான் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 29, இரவு 1.10
உறங்கப் போகும்போதே டிரைவரைக் கழற்றிவிடவும், விழித்ததும் மாட்டவும் லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் உறக்கக் கோப்புறையில் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைப் போட்டேன். மூடியைச் சாத்தித் திறந்து பார்த்தேன். ஏழு முறை. ஏழு முறையும் வந்தது. கடைசி முறை மூடி டக்கென்று விழுந்ததில் அப்பா விழித்துக்கொண்டார்.

"என்னம்மா, இன்னும் தூங்கவில்லையா?"

"இதோ, படுக்கிறேன் அப்பா."

கையை நீட்டினார். பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மடிக்கணினி உறங்கியிருந்தது. இடது கையால் தட்டினேன். நீல விளக்கு மினுக்காமல் நின்று எரிந்தது.

ஆகஸ்ட் 30
காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் தங்கவேண்டியிருக்கும் என்கிறாள் அக்கா. போர்வை, பிளாஸ்க், பழைய ரிப்போர்ட்டுகள், மடிக்கணினி. ஹெட்போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.