வலப்பக்க யூஎஸ்பி போர்ட் வேலை செய்யாமல் போனபோது

காலபோக விதைப்புக்கான உர மானியப் பட்டியலைக் கமநல சேவை நிலையத்தில் கையளிக்க இரண்டு நாட்களே இருந்த நிலையில், எங்கள் கமக்காரர் அமைப்பின் மடிக்கணினியில் வலப்பக்க யூஎஸ்பி போர்ட் பென் ட்ரைவை எடுக்காமல் போனது. செருகியவுடன் இணைந்ததற்கான ஒலி கேட்கும், அடுத்த கணம் கழன்றதற்கான ஒலி கேட்கும், பிறகு மீண்டும் முதல் ஒலி. இப்படி நாலைந்து தடவை நடந்த பின்னர், சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற செய்தி திரையின் மூலையில் வரும். பட்டியலை இடப்பக்கப் போர்ட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் இடப்பக்கத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அச்சுப்பொறியும் மவுஸும் பென் ட்ரைவும் அந்த ஒன்றுக்குப் போட்டியிட்டால், அமைப்பின் செயலாளரான என் வேலை நடக்காது.

வன்னியில் எங்கள் விசுவமடுப் பக்கத்தில் எந்த மின்சாதனம் பழுதானாலும் இடியைத்தான் முதலில் குற்றம் சொல்வார்கள். ஐப்பசி மழையோடு வரும் இடியை அறிந்தவர்கள் அப்படி நினைப்பதில் தவறில்லை. நானும் அப்படியே நினைத்தேன். ஆனால் இடி தாக்கியிருந்தால் ஒரு போர்ட் மட்டும் போய், மற்றவை எல்லாம் சுகமாக இருப்பது எப்படி என்ற கேள்வி எழுந்ததால், ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

அதே பென் ட்ரைவ் இடப்பக்கத்தில் வேலை செய்தது. இடப்பக்கத்தில் ஓடிய மவுஸ் வலப்பக்கத்தில் ஓடவில்லை. எனவே பிழை போர்ட்டில்தான். அடுத்து, கைத்தொலைபேசியின் கேபிளை வலப்பக்கத்தில் செருகியபோது தொலைபேசி சார்ஜ் ஆகியது. ஆனால் அதிலுள்ள படங்கள் கணினியில் தெரியவில்லை. இது முக்கியமான தடயம் என்பது பின்னர்தான் விளங்கியது. வலப்பக்கத்தில் இருந்தது கறுப்பு நிற நாக்குள்ள யூஎஸ்பி 2.0 போர்ட். அதில் நான்கு தொடுமுனைகள் உண்டு: ஒன்று 5 வோல்ட் மின்சாரத்துக்கு, ஒன்று புவித்தொடுப்புக்கு, நடுவிலுள்ள இரண்டும் தரவுக்கு. மின்சாரம் வருகிறது, தரவு போகவில்லை என்றால் போர்ட் முழுவதும் செத்துவிடவில்லை.

பிறகு வின்டோஸின் பக்கம் போனேன். கணினியோடு இணைந்த சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு 43 என்ற பிழை எண் நின்றது. யூஎஸ்பி ஹப்புகளின் மின்சேமிப்புத் தெரிவை நிறுத்தினேன். அந்தச் சாதனத்தின் பதிவை அகற்றிவிட்டு மீண்டும் தொடக்கினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினியை 'ஷட் டவுன்' கொடுத்து நிறுத்தினால், பழைய நிலையின் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழும்பும், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இது தெரியாமல் இரண்டு நாட்கள் நிறுத்தி நிறுத்தித் தொடக்கிக்கொண்டிருந்தேன். ரீஸ்டார்ட் கொடுத்தும் பலனில்லை.

கிளிநொச்சியில் ஒரு கடையில் காட்டியபோது, அங்கிருந்த தம்பி கணினியைத் திறந்தும் பார்க்காமல், "மதர்போட் போட்டுது அண்ணை, மாத்தத்தான் வேணும்" என்று கணினியின் முதன்மைப் பலகையே பழுது என்றார். சொன்ன விலை புதிய கணினியின் அரைவாசியைத் தொட்டது. திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படிக்கும் என் மருமகன் அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். அவன் கொண்டுவந்த பென் ட்ரைவை இடப்பக்கத்தில் செருகி, வின்டோஸைத் தொடாமல் அதிலிருந்த உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தைத் தொடக்கி, வலப்பக்கத்தில் மவுஸைச் செருகினான். கறுப்புத் திரையில் பிழை வரிகள் அடுக்கடுக்காக வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் -71 என்ற எண் இருந்தது. சாதனத்துக்கும் கணினிக்கும் இடையில் சமிக்ஞை சரியாகப் போய்வராதபோது வரும் எண் அது என்றான். இரண்டு இயங்குதளத்திலும் ஒரே கோளாறு என்றால் மென்பொருளை இனி நோண்டுவதில் பயனில்லை.

கணினியை நிறுத்தி, ரோச் வெளிச்சத்தில் போர்ட்டின் உள்ளே பார்த்தோம். தொடுமுனை எதுவும் வளைந்திருக்கவில்லை. ஆனால் நாக்கின் அடியில் எங்கள் ஊர்ச் செம்புழுதி குங்குமம்போல் படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் துடைத்தெடுத்து, காயவிட்டுச் செருகினோம். துப்புரவானதே தவிர, கோளாறு தீரவில்லை.

அப்போதுதான் மருமகன் கேட்டான்: "மாமா, அந்தப் பக்கத்தில வேற என்ன இருக்கு?"

ஹெட்போன் துளை இருந்தது. அதில் கொஞ்ச நாளாக ஒரு காதில் மட்டுமே சத்தம் கேட்டது. ஹெட்போன் பழையது என்று நான் அதைப் பொருட்படுத்தவேயில்லை. வேறொரு ஹெட்போனைப் போட்டுப் பார்த்தபோதும் ஒரு காதுதான். ஒரே பக்கத்தில் இரண்டும் ஒன்றாகக் கெட்டிருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும். பல மடிக்கணினிகளில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் மதர்போர்டில் இருப்பதில்லை. தனியான சிறு பலகையில் இருந்து, தட்டையான ரிப்பன் கேபிளால் மதர்போர்டோடு இணைக்கப்பட்டிருக்கும்.

கீழ் மூடியைத் திறந்தோம். திருகாணிகள் இரண்டு நீளத்தில் இருந்ததால், நீளமானவற்றை ஒரு சிரட்டையிலும் குட்டையானவற்றை இன்னொன்றிலும் போட்டோம். நீளமானதைக் குட்டையின் துளையில் முறுக்கினால் மேற்பலகை வெடித்துவிடும். முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். ஹெட்போன் துளைக்கு அருகே உண்மையிலேயே ஒரு சிறு பச்சைப் பலகை இருந்தது. அதிலிருந்து வந்த வெள்ளை ரிப்பன், மதர்போர்டுப் பிடியில் ஒரு மயிரளவு சரிந்து நின்றது. அதைப் பிடித்திருக்க வேண்டிய குட்டிக் கறுப்பு மடிப்பு ஒரு முனையில் மேலெழும்பியிருந்தது. கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளின் முன்னால் பையைத் தொங்கவிட்டு நான் கணினியைக் கொண்டு திரிந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மருமகன் மடிப்பை நகத்தால் தூக்கி, ரிப்பனை எடுத்து, அதன் முனையை அல்ககோலால் துடைத்து, நேராக உள்ளே விட்டு மடிப்பை அமர்த்தினான். மூடியைப் பூட்டாமலே பேட்டரியை இணைத்துத் தொடக்கிப் பார்த்தோம். மவுஸ் ஓடியது. ஹெட்போனின் இரண்டு காதிலும் சத்தம் கேட்டது.

மூன்று கிழமை கழித்து, மாங்குளம் போய்வந்த நாளில் மீண்டும் ஹெட்போனின் ஒரு காது அடைத்தது. இம்முறை நானே திறந்து அமர்த்தினேன். மடிப்பின் ஒரு காது உடைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. மருமகன் சொன்னபடி அதன்மேல் வெப்பம் தாங்கும் ஒட்டுநாடாவை ஒட்டியிருக்கிறேன். அந்தப் பிடியை மாற்றுவதற்கு நுண்ணிய ஈயப்பற்று வேலை தெரிந்தவர் வேண்டும். அதை அறுவடைக் காசு வந்த பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். கணினி இப்போது மோட்டார் சைக்கிளில் போவதில்லை. பட்டியல்கள் பென் ட்ரைவில் போகின்றன.