மெல்லிய பாட்டுக்குள் ஒரு நாயனம்

1986 தீபாவளிக்கு அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து வந்து இறங்கியபோது தோளில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. அதற்குப் பெட்டி கிடையாது. பழைய கைலி ஒன்றில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். தொழிற்சாலையில் கூட வேலை செய்த சீனப் பையனிடம் எண்பது வெள்ளிக்கு வாங்கியதாம். நாங்கள் இருந்தது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. அம்மா பால்மரம் வெட்டினார், அப்பாவுக்குப் புகைவீட்டில் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது.

கிட்டார் வந்துவிட்டது, ஆனால் அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் வாங்கக் காசில்லை. வீட்டு ரேடியோவில் கேசட் போடலாம், மைக் மாட்டிப் பாடவும் செய்யலாம். அந்த மைக் துளையில் அண்ணன் ஒயரைச் செருகி, சத்தத்தை முழுக்கத் திருப்பிவிட்டு, ஒரே ஒரு தந்தியைத் தட்டினார். கரகரத்துக்கொண்டு ஒரு ஒலி எழுந்தது. எழுந்தது நிற்கவே இல்லை. “டேய், ரேடியோ வெடிச்சிடப் போவுது!” என்று அப்பா வாசலிலிருந்து கத்தினார். அடுப்படியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த அம்மா மட்டும் தலையைத் தூக்கி, “நாயனம் மாதிரி இருக்குல்ல?” என்றார்.

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

அந்த விடுமுறை முழுக்க அண்ணன் ஒரே பாட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கார்ப்பென்டர்ஸ் என்ற அமெரிக்க அண்ணன்-தங்கை குழுவின் ‘குட்பை டு லவ்’, 1972-இல் வந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய கேசட். கேரன் கார்ப்பென்டரின் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது தாழ்ந்த, வெதுவெதுப்பான குரல், காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். இனி காதலே வேண்டாம் என்று அந்தக் குரல் அமைதியாகச் சொல்லி முடிக்கிறது. அடுத்த நொடி, ரம்பம் போட்டது போல ஒரு கிட்டார் உள்ளே வருகிறது.

வாசித்தவர் டோனி பெலூசோ. கார்ப்பென்டர்ஸ் கச்சேரிகளில் முதலில் பாடவந்த ஒரு பாடகருக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தவர். கேரனின் அண்ணன் ரிச்சர்ட் கார்ப்பென்டர் அவரைக் கவனித்து வைத்திருந்தார். இந்தப் பாட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டவர் கேரன். பாட்டு மென்மையானதாயிற்றே என்று பெலூசோ முதலில் மென்மையாகத்தான் வாசித்திருக்கிறார். ரிச்சர்ட் அதை ஏற்கவில்லை. முதலில் மெட்டை அப்படியே வாசி, அப்புறம் கட்டை அவிழ்த்துவிட்டு மேலே போ என்று கேட்டார். பாட்டு வெளியானதும் ரசிகர்கள் சிலர் கோபமாகக் கடிதம் எழுதினார்கள், கார்ப்பென்டர்ஸும் ராக் பக்கம் போய்விட்டார்கள் என்று.

அந்தக் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. எழுதியவர்கள் அந்தக் கிட்டாரை வெளியிலிருந்து உள்ளே புகுந்த இரைச்சல் என்று நினைத்துவிட்டார்கள். நான் நினைப்பது வேறு. அந்தக் கரகரப்பு வேகமான பாட்டை விட மெதுவான பாட்டுக்குத்தான் அதிகம் தேவை.

கிட்டாரில் ஒரு தந்தியைத் தட்டினால் அந்தக் கணமே அதன் ஒலி தேய ஆரம்பித்துவிடும். வேகமான பாட்டில் அது பெரிய விஷயமில்லை, அதற்குள் அடுத்த சுரம் வந்துவிடும். மெதுவான பாட்டில் ஒரு சுரம் நாலு எண்ணிக்கை நிற்க வேண்டும். பாடகிக்கு மூச்சு இருக்கிறது, நிறுத்திவிடுவார். வெறும் கிட்டாரால் முடியாது. அந்தக் கரகரப்பைத் தருவது ஃபஸ் பெட்டி, கிட்டாரோடு மாட்டிக் காலால் மிதிக்கிற சின்னக் கருவி. அது செய்வது இதுதான்: ஒலியைப் பல மடங்கு பெருக்கி, ஒரு அளவுக்கு மேலே போகும் உச்சியை நறுக்கிவிடுகிறது. தந்தியின் அதிர்வு குறைந்துகொண்டே வந்தாலும், அந்த வெட்டுக் கோட்டுக்கு மேலே இருக்கிற வரைக்கும் நம் காதுக்கு ஒலி ஒரே அளவில்தான் கேட்கும். சுரம் நிற்கிறது. நறுக்கிய இடத்தில் புதிய மேல்சுரங்கள் பிறக்கின்றன, அதுதான் கரகரப்பு. எங்கள் ரேடியோவின் மைக் துளை, தாங்க முடியாத சத்தத்தைத் தாங்கப் பார்த்து, அதே வேலையைத்தான் செய்தது.

ஆக, கிட்டாருக்கு மூச்சு வந்துவிடுகிறது. அம்மாவின் காதில் நாயனமாக விழுந்தது அந்த மூச்சு.

நாயனத்தைப் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். மென்மை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சீவாளி கிழிகிற மாதிரி அலறும். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தவிலும் நாயனமும் சேர்ந்தால் கடைசி லயம் வரைக்கும் தகரக் கூரை அதிரும். அதே நாயனத்தில்தான் தூங்கவைக்கிற நீலாம்பரியையும் வாசிக்கிறார்கள். இவ்வளவு சத்தமான வாத்தியத்தில் தாலாட்டா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. சத்தம் வேறு, முரட்டுத்தனம் வேறு என்று நமக்குத் தெரியும். ஒரு சுரத்தைப் பிடித்து, அசைத்து, அடுத்த சுரத்துக்கு இழுத்துக்கொண்டு போவதும் நமக்குப் புதிதல்ல. பெலூசோ தந்தியை வளைத்து ஏற்றுகிற இடங்களில் எனக்குக் கேட்பது அதுதான்.

1989-இல் ‘சர்ச்’ என்ற மலாய் ராக் குழுவின் ‘இசபெல்லா’ வந்தபோது ஈப்போ பஸ்ஸில் ஏறினால் அது, மீ கோரெங் கடையில் உட்கார்ந்தால் அது. எங்கள் தோட்டத்துப் பையன்கள் தமிழ்ப் பாட்டுக்குச் சமமாக அந்த மெதுவான மலாய் ராக் பாட்டுகளை நெஞ்சில் வைத்திருந்தார்கள். மொழி ஒரு தடையாகவே இருக்கவில்லை. கிட்டார் வருகிற இடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்துவோம்.

இப்போது அந்தத் தோட்டத்தில் பால்மரமே இல்லை. முழுக்க செம்பனை, லயங்களையும் இடித்துவிட்டார்கள். நாங்கள் டவுனுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்துக்கு அண்ணன் ஜொகூரிலிருந்து வந்திருந்தார். மேடையில் உள்ளூர்ப் பையன்களின் இசைக்குழு. பாடப்போவது ஒரு பழைய மலாய் மெதுபாட்டு. நேரம் போய்விட்டது, கேக் வெட்ட வேண்டும், கிட்டார் வருகிற இடத்தை விட்டுவிடுங்கள் என்று அறிவிப்பாளர் மேடை ஓரத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். முன் மேசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது. உட்கார முடியவில்லை. எழுந்து போய், “தம்பி, சுருக்கணும்னா ரெண்டாவது சரணத்தை எடுத்துடுங்க. கிட்டாரை எடுக்காதீங்க” என்றேன். அறிவிப்பாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிட்டார் வைத்திருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். “சரிங்க அங்கிள்” என்றான்.

முதல் சரணம் முடிந்ததும் அவன் காலால் பெடலை மிதித்தான். மெட்டைத்தான் முதலில் வாசித்தான், பாடகர் பாடியதை அப்படியே. அப்புறம் ஒரு சுரத்தைப் பிடித்து மேலே வளைத்து நிறுத்தினான். பக்கத்து மேசையில் அம்மா, எண்பதைத் தாண்டியவர், காது பாதிதான் கேட்கும். அண்ணன் கரண்டியை வைத்துவிட்டு அவர் பக்கம் குனிந்து, “கேக்குதாம்மா?” என்றார். அம்மா மேடையைப் பார்த்தபடியே அவர் கையைத் தட்டி, பேசாமல் இருக்கச் சொன்னார்.