சிபிசி இரண்டாவது முயற்சியில் பாஸ்: விரல் குறியீடுகள் படுத்திய பாடு

நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்கான சான்றிதழ் தேர்வுதான் சிபிசி. போன வாரம் ரிசல்ட் வந்தது. 78 சதவீதம். முதல் தடவை 67. பாஸுக்கு வேண்டிய 70-க்கு மூன்றே கேள்விதான் குறைவு என்பதால் அந்தத் தோல்வி ரொம்பவே உறுத்தியது.

நான் பிசியோதெரபி படித்தவன். கை, விரல், தசைநாண் எல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற திமிரில், ஐசிடி புத்தகத்தின் (நோய், காயங்களுக்கான குறியீட்டுத் தொகுப்பு) காயப் பகுதியைப் புரட்டாமலேயே போய் உட்கார்ந்தேன். தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லக் கூடாது. அதனால், ஃபெயிலான பிறகு எழுதிய ஒரு மாதிரித் தாளில் சறுக்கியதைச் சொல்கிறேன்.

இடது ஆள்காட்டி விரலில் ஃப்ளெக்ஸர் (விரலை மடக்கும்) தசைநாண் ஸ்ட்ரெயின், சிகிச்சை இப்போதுதான் தொடங்குகிறது. நான் போட்டது எஸ்66.112ஏ. 1 என்றால் வலது, 2 என்றால் இடது என்று கை பழகிப்போயிருந்தது. கட்டைவிரலுக்கு அது சரிதான்: எஸ்66.011 வலது, எஸ்66.012 இடது. மற்ற விரல்களுக்கு வந்தால் ஆட்டமே வேறு. ஆறாவது இடத்தில் 0 வலது ஆள்காட்டி, 1 இடது ஆள்காட்டி, 2 வலது நடுவிரல், 3 இடது நடுவிரல், 4-5 மோதிர விரல், 6-7 சுண்டு விரல். இரட்டைப்படை வலது, ஒற்றைப்படை இடது. பூஜ்யத்தையும் இரட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியான விடை எஸ்66.111ஏ. நான் போட்டதோ வலது நடுவிரல். கையும் தப்பு, விரலும் தப்பு!

எக்ஸ்டென்ஸருக்கான (விரலை நீட்டும் தசை) எஸ்66.31, விரல் ஸ்ப்ரெயினுக்கான (லிகமென்ட் சுளுக்கு) எஸ்63.61 இரண்டிலும் இதே வரிசைதான். அப்பாடா என்று டிரிகர் ஃபிங்கர் (மடங்கி மாட்டிக்கொள்ளும் விரல்) பக்கம் போனால் அங்கே மறுபடியும் 1 வலது, 2 இடது (எம்65.321, எம்65.322). யார் யோசித்தார்களோ.

இரண்டாம் முயற்சியில் இரண்டு கைகளையும் மேசையில் வைத்து, வலது ஆள்காட்டி, இடது ஆள்காட்டி, வலது நடு, இடது நடு என்று மாற்றி மாற்றித் தட்டி எண்ணினேன். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கண்காணிப்பாளர் என்ன நினைத்தாரோ, தெரியாது. ஆனால் ஒரு விரல்கூடத் தப்பவில்லை.

அப்புறம் இந்தச் சுளுக்கு. நம் ஊரில் எல்லாமே சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். புத்தகத்தில் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) என்றால் எஸ்63, தசையோ தசைநாணோ என்றால் எஸ்66. அதே தசைக்கு முன்கை மட்டத்தில் அடி என்றால் எஸ்56. எஸ்66-க்குக் கீழே எஸ்63-ஐக் குறித்து இருப்பது எக்ஸ்க்ளூட்ஸ்2, அதனால் இரண்டும் இருந்தால் இரண்டையும் போடலாம். சேர்த்துப் போடக் கூடாது என்னும் எக்ஸ்க்ளூட்ஸ்1 என்று படித்து ஒன்றை விட்டுவிடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஏழாவது எழுத்து ஏ என்பது முதல் விசிட் அல்ல, காயத்துக்கு நேரடிச் சிகிச்சை (ஆக்டிவ் ட்ரீட்மென்ட்) நடக்கும் காலம். புது டாக்டர், மூன்றாவது விசிட் என்றாலும் ஏ வரலாம். ஆறிவரும் கட்டத்தில் தெரபிக்கு வருகிறவருக்கு டி.
- அவுட்பேஷன்ட் குறிப்பில் 'ஸ்ட்ரெயினாக இருக்கலாம்' என்றால் ஸ்ட்ரெயின் குறியீடு கிடையாது. வலது விரல் வலி, எம்79.644, அவ்வளவுதான். என்னைப் போல மருத்துவப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் டாக்டர் எழுதாததையும் கண்டுபிடித்துவிடுவோம். அந்தக் கெட்டிக்காரத்தனம் மார்க்கைத் தின்னும்.
- 4 மணி நேரம், 100 கேள்வி. நான் அவசரக்காரன், நீளமான ஆபரேஷன் குறிப்புகளைக் கடைசிக்குத் தள்ளினேன். நிதானமானவர்களுக்கு இது ஒத்துவருமா, சொல்ல முடியாது.
- புத்தகத்தில் கையால் எழுதலாம், துண்டுச்சீட்டு ஒட்டக் கூடாது. எஸ்66 பக்க ஓரத்தில் 'இரட்டை வலது' என்று எழுதியிருந்தேன்.

ஹெச்சிபிசிஎஸ் (மருத்துவப் பொருட்கள், சேவைகளுக்கான குறியீடுகள்) பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அங்கே பாதி குருட்டாம்போக்கில் போட்டதுதான்.